ஐந்து ஷட்டர் நீளத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். மாலை வகுப்பு ஆசிரியை அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் இடம், பிறகு ஆட்கள், பிறகு சம்பவம். நடுவில் சொந்தக் கருத்து தலைகாட்டினால் அடித்துவிட வேண்டுமாம். நான் அடித்துப் பார்த்தேன். பாதிப் பக்கம் காலியாகிவிட்டதால் சிலவற்றைத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

இடம் எங்கள் தெருமுனை. அங்கே ஒரே கூரையின் கீழ் ஐந்து கடைகள். எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால் இடமிருந்து வலமாக பேக்கரி, தையல் கடை, மாமாவின் ஜெராக்ஸ் கடை, மருந்துக்கடை, சலூன். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் பிறர் எழுதியதை நகல் எடுத்துவிட்டு மாலையில் நானே எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறேன். இரண்டில் எது எனக்கு நன்றாக வருகிறது என்று மாமாவைக் கேட்டால், "மெஷின் நல்லா எடுக்குது" என்பார்.

ஆட்களில் முக்கியமானவள் சித்தி. அம்மாவின் தங்கை, மாமாவுக்கும் தங்கை. சுவர்களில் படம் வரைவது அவள் தொழில். நகரத்தில் தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட மதில், மேம்பாலத்தின் தூண் என்று எங்கெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறதோ அங்கெல்லாம் சித்தியின் ஏணி ஒரு தடவையாவது சாய்ந்திருக்கும். அவளுக்கு ஒரு வழக்கம். அந்தச் சுவரைத் தினமும் பார்க்கப் போகிறவர்களைக் கேட்காமல் ஒரு கோடு போடமாட்டாள். "நான் வரைஞ்சிட்டுப் போயிடுவேன். அவங்கதானே அதோட குடும்பம் நடத்தணும்?" என்பாள்.

ஊரெல்லாம் வரைந்தவள் சொந்தத் தெருவில் மட்டும் வரைந்ததில்லை. இந்த வருடம்தான் ஐந்து கடைக்காரர்களும் தங்கள் ஷட்டர்களைக் கொடுத்தார்கள். வழக்கப்படி சித்தி தெருவைக் கேட்டாள். பேக்கரிக்காரர் ரொட்டி வரையச் சொன்னார். சலூன்காரர் தன் முகத்தையே வரையச் சொன்னார், இப்போதிருக்கும் முகத்தை அல்ல, கல்யாணத்தின்போது இருந்ததை. மருந்துக்கடை அக்கா, "படமெல்லாம் வேணாம், 'இங்கே துப்பாதீர்கள்'னு பெரிசா எழுதிடு" என்றார். தையல்காரம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் யோசிக்கிறார். தெருவின் குழந்தைகள் மட்டும் ஒரே குரலில் ஒட்டகச்சிவிங்கி என்றார்கள். தலைகளை எண்ணியதில் குழந்தைகள்தான் அதிகம்.

மாமா ஷட்டரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த உயரத்துல ஒட்டகச்சிவிங்கியா? முழங்கால் வரைக்கும்தான் வரும். மீதிய மொட்டை மாடியில வரைவியா?"

"நிக்க வெச்சாதானே அண்ணா உயரம்? படுக்க வெச்சா நீளம்."

அப்படித்தான் அது படுத்தது. பேக்கரி ஷட்டரில் தலை, தரையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடித் தூங்குகிறது. தையல் கடையில் கழுத்து. எங்கள் கடையிலும் கழுத்து, ஓரத்தில் கொஞ்சம் தோள். மருந்துக்கடையில் வயிறு. சலூனில், பின்னால் நீட்டிப் போட்ட கால்களும் வாலும். ஒரு கடையின் படம் அந்தக் கடையோடு முடியவே கூடாது, பக்கத்துக் கடையும் மூடினால்தான் அர்த்தமாக வேண்டும் என்பது சித்தியின் திட்டம். அக்கம்பக்கம் ஒற்றுமையாக இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்றாள்.

ஷட்டரில் வரைவது சுவரில் வரைவது போல இல்லை. முதலில் துருவை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டுப் பிரைமர் அடிக்க வேண்டும். தகடுகள் மடியும் இடுக்குகளில் பெரிய பிரஷ் போகாது, அங்கே சின்னப் பிரஷ். நூலைச் சாக்பீஸ் பொடியில் தோய்த்து இழுத்துத் தெறித்துக் கோடு போட வேண்டும். இதையெல்லாம் ஷட்டர் இறங்கியிருக்கும்போதுதான் செய்ய முடியும், அதாவது கடைக்கு விடுமுறை நாளில். ஐந்து கடைக்கும் ஐந்து வெவ்வேறு நாளில் வார விடுமுறை. சலூன் மூடிய நாளில் சித்தி கால் வரைந்தாள். தையல் கடை மூடிய நாளில் கழுத்து வரைந்தாள். இப்படியே கோடைக்காலம் முழுவதும் போயிற்று.

முக்கியமான விஷயம் இதுதான். சித்தியே அந்த ஒட்டகச்சிவிங்கியை முழுதாகப் பார்த்ததில்லை. விடியும் முன்பே பேக்கரி திறந்துவிடும். பகலில் குறைந்தது நான்கு கடையாவது திறந்திருக்கும். இரவு எல்லாம் மூடிய பிறகு பார்க்கலாம் என்றால், தெருவிளக்கு சலூன் பக்கம் மட்டும்தான் எரியும். வால் நன்றாகத் தெரியும்.

தெருவும் அதைத் துண்டு துண்டாகத்தான் பார்த்தது. பேக்கரி மூடிய நாளில் யாரோ ஒரு மாடு செத்துக் கிடப்பதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் கடை ஷட்டர்தான் பாவம். அதில் முகமும் இல்லை, காலும் இல்லை. மஞ்சள் நிறம், அதில் பழுப்புத் திட்டுகள், அவ்வளவுதான். ஒரு பெரியவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய், "பக்கத்து ஷட்டருக்கு வந்திருக்கே, அது ஒட்டிக்குமா?" என்று கேட்டாராம்.

இந்த நிலையில்தான் சாம்பல் சார் வந்தார். நகர அழகுப் பிரிவின் அதிகாரி. அவர் பெயர் வேறு. நகரத்தில் அவர் கண்ணில் பட்டதெல்லாம் சாம்பல் நிறமாகிவிடுவதால் அந்தப் பெயர். சட்டை சாம்பல், ஸ்கூட்டர் சாம்பல். அவர் வந்தது மாமா சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர வீட்டுக்குப் போயிருந்த மதிய வேளை. வரிசையில் எங்கள் ஷட்டர் மட்டும்தான் இறங்கியிருந்தது. சாம்பல் சார் அதைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், போய்விட்டார். சில நாளில் உத்தரவு வந்தது. ஷட்டரில் மஞ்சள், பழுப்புக் கறைகள் காணப்படுகின்றன. கறையை உண்டாக்கியவரே வரிசை முழுவதும் சாம்பல் நிறம் பூசி மறைக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கெடு.

மாமா அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார். சித்தியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"வேற யாராவது வந்து பூசினா கூடத் தாங்கிக்குவேன் அண்ணா," என்றாள் சித்தி. "என் கையால பூசணுமாம். முழுசா ஒரு தடவை கூடப் பார்க்கல நான்."

மாமா மெஷினில் காகிதம் நிரப்பினார். அது ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

மறுநாள் நானும் சித்தியும் அலுவலகத்துக்குப் போனோம். சாம்பல் சாரின் அறை ஒரு மரத்தடுப்புக்குப் பின்னால் இருந்தது. மேசையில் தூசியில்லை, காகிதமில்லை, ஒரு பேனா மட்டும்.

"உக்காருங்க. என்ன விஷயம்?"

"சார், நீங்க பார்த்தது கறை இல்ல. கழுத்து," என்றாள் சித்தி.

"யாரோட கழுத்து?"

"ஒட்டகச்சிவிங்கியோட."

"தலை?"

"தலை பேக்கரியில இருக்கு சார்."

"உடம்பு?"

"மருந்துக்கடையில."

சாம்பல் சார் பேனாவை மூடி வைத்தார். "இது நீங்க போலீஸ் ஸ்டேஷன்ல சொல்ல வேண்டிய விஷயம் மாதிரி இருக்கே."

நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாக விளக்கினேன். நடுவில் பிரைமரைப் பற்றி அவசியமில்லாமல் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"படம்னா எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. கறைக்குத்தான் ஆட்சேபணை. முழுசா காட்டுங்க, நான் என் கண்ணால பார்க்கறேன். அலுவலக நேரத்துல."

"அலுவலக நேரத்துல கடையெல்லாம் திறந்திருக்குமே சார். போட்டோ எடுத்து ஒட்டிக் காட்டட்டுமா?" என்றாள் சித்தி.

"போட்டோ செல்லாது. ஒருத்தர் போட்டோல குளம் காட்டினார். போய்ப் பார்த்தா பள்ளம்."

"சரி, என்னிக்கு வருவீங்க?"

"சொல்லிட்டு வந்தா அது ஆய்வு இல்லம்மா, விருந்து. கெடுவுக்குள்ள ஒரு நாள் வருவேன்."

திரும்பி வரும்போது பேருந்தில் சித்தி முழங்கையில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

பிறகு கடை கடையாக ஏறி இறங்கினோம். பேக்கரிக்காரர், "அடுப்புல ரொட்டி வேகும்போது எப்படிம்மா மூடறது? புகை எங்க போகும், என் மூக்குக்குள்ளயா?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "முதல்ல உங்க அண்ணன் மூடட்டும், அப்புறம் நான் மூடறேன்" என்றார். மாமாவிடம் வந்தால், "தலை முதல்ல மூடட்டும். தலையில்லாம கழுத்தை மட்டும் காட்டித்தானே இந்த வம்பே வந்துச்சு?" என்றார். நாற்காலியில் இருப்பவருக்குப் பாதித் தாடி மழித்திருக்கும்போது எப்படி மூடுவது என்றார் சலூன்காரர். தையல்காரம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மருந்துக்கடை அக்காதான் ஒரேயடியாகக் கையை விரித்தார். "நான் பகல்ல மூடவே கூடாது. யாராவது மூச்சு முட்டி வந்து நின்னா, 'கொஞ்சம் இருங்க, வயிறு காட்டிட்டு வரேன்'னு சொல்ல முடியுமா?"

சித்தி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கு இரக்கம் வந்து தண்ணீர் கொடுத்தார். சித்தி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலைக்கு மேல் சுருண்டிருந்த ஷட்டரையே பார்த்தாள். இரவில் அவசரமாக மருந்து கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க அதில் ஒரு சின்னக் கதவு உண்டு. அது ஒட்டகச்சிவிங்கியின் தொப்புளுக்குப் பக்கத்தில் வருகிறது.

"அக்கா," என்றாள் சித்தி. "கடையை மூட வேணாம். ஷட்டரை மட்டும் இறக்கினா போதும். நீங்க உள்ளயே இருங்க. கஸ்டமரும் உள்ளயே இருக்கட்டும். வெளிய யாராவது கேட்டா சின்னக் கதவு வழியா குடுங்க."

"மூடாம இறக்கறதா?"

"ஆமா."

அக்கா அண்ணாந்து ஷட்டரைப் பார்த்தார். "அப்ப கடை திறந்துதான் இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தலையை ஆட்டினார்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் மடக்கிவிட்டோம். யார் முதலில் என்ற சண்டை வராமலிருக்க ஒரு சைகை வைத்துக்கொள்ளலாம், எல்லோரும் ஒரே சமயத்தில் இறக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எதிரே பேருந்து நிறுத்தத்தில் என் சைக்கிளோடு காவல் நிற்பேன். சாம்பல் ஸ்கூட்டர் திரும்பும்போது மணியடிப்பேன். நல்ல யோசனை என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. ஆனால் தெருவில் என்னைத் தவிர இன்னும் பலரிடம் சைக்கிள் இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் காலை தபால்காரர் மணியடித்துக்கொண்டு வந்தார், சலூன் ஷட்டர் தடாலென்று இறங்கியது. உள்ளேயிருந்து ஓர் அலறல்.

சலூன்காரர் என்னைத் தேடி வந்தார். "ஏம்மா, கழுத்துல கத்தி வெச்சிருக்கேன். அந்த நேரத்துல ஷட்டரை இறக்கினா அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

மணியை விட்டுவிட்டு விசிலுக்கு மாறினோம். சலூன்காரர் முன்னெச்சரிக்கையாகக் கண்ணாடிக்கு மேலே ஓர் அட்டை எழுதி மாட்டினார்: 'திடீரென்று ஷட்டர் இறங்கும். பயப்பட வேண்டாம்.' அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் முடிவெட்டாமலே எழுந்து போனதாகச் சொன்னார்கள்.

சாம்பல் சார் வரவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. சித்தி பெயிண்ட் கடைக்குப் போய்ச் சாம்பல் நிறத்துக்கு ஒரு மாதிரிச் சீட்டு வாங்கி வந்தாள். அதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டிருந்தாள். மாமா மதியத் தூக்கத்தை விட்டுவிட்டார். ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, நகல் எடுக்க வந்தவர்களை எல்லாம் சந்தேகமாகப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை, வெயில் நேராகக் கடைகளின் மேல் விழுந்துகொண்டிருந்த நேரம், சாம்பல் ஸ்கூட்டர் மூலையில் திரும்பியது. என்னோடு காவல் நின்ற சித்தி என் தோளைத் தட்டினாள். நான் விசிலை வாயில் வைத்தேன். முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை சத்தம் வந்தது.

சலூன் இறங்கியது. மருந்துக்கடை இறங்கியது. மாமாவின் ஷட்டர் இறங்கியது, அவர் உள்ளேயிருந்து "எறக்கிட்டேன்!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது. தையல்காரம்மாவும் யோசிக்காமல் இறக்கினார். பேக்கரி ஷட்டர் சரசரவென்று பாதி வரை வந்து சிக்கி நின்றது.

சாம்பல் சார் ஸ்கூட்டரை எங்கள் பக்கம் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். திரும்பினார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஷட்டர் இறங்கும்போது அதன் அடிப்பகுதிதான் முதலில் வெளியே வரும். சித்தி ஒட்டகச்சிவிங்கியின் தலையை வரைந்திருந்தது ஷட்டரின் அடிப்பகுதியில், தரையோடு தரையாக. ஷட்டர் பாதியில் நின்றதால் அந்தத் தலை தரையைவிட்டு எழுந்து, பாதி உயரத்தில் தொங்கியது. கழுத்து மட்டும் பக்கத்துக் கடையில் தரையோடு கிடந்தது.

"தலை தனியா இருக்கே," என்றார் சாம்பல் சார்.

சித்தி வாயைத் திறந்தாள். அதற்குள் தையல் கடைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு வாடிக்கையாளர் "என்னை விடுங்க, நான் அப்புறம் வந்து வாங்கிக்கறேன்" என்று பதறுவது கேட்டது. தையல்காரம்மா ஷட்டரைக் கால்வாசி தூக்கினார். கழுத்தும் கால்வாசி மேலே எழுந்தது.

இப்போது எங்கள் கடையில் கழுத்து தரையோடு ஆரம்பித்து, தையல் கடையில் ஒரு படி ஏறி, பேக்கரியில் இன்னொரு படி ஏறித் தலையில் முடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒட்டகச்சிவிங்கி விசில் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்ப்பது போலவே இருந்தது. கண் மட்டும் மூடியிருந்தது.

"நான் தூங்கற மாதிரி வரைஞ்சேன்டி," என்று சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் கிசுகிசுத்தாள். "யாருடி அதை எழுப்பினது?"

அப்போது சலூன் ஷட்டரின் அடியில் இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு ஒரு தலை. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓர் ஆள் ஒட்டகச்சிவிங்கியின் கால்களுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து, கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு ஓடிப்போனார்.

"இவர் யாரு?" என்றார் சாம்பல் சார்.

"அவர் படத்துல இல்ல சார்," என்றேன்.

மருந்துக்கடையில் சின்னக் கதவு திறந்தது. வயிற்றிலிருந்து ஒரு கை, இருமல் மருந்துப் பாட்டிலோடு வெளியே வந்தது. நடைபாதையில் நின்ற ஒருவர் அதை வாங்கிக்கொண்டு, கைக்கு நன்றி சொன்னார். கை உள்ளே போயிற்று.

"அந்தக் கடை மூடலை சார். இறக்கி மட்டும் இருக்கு," என்றாள் சித்தி அவசரமாக.

சாம்பல் சார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்வை சலூனில் போய் நின்றது. உதடு அசைந்தது. எதையோ எண்ணுகிறார் என்று தெரிந்தது.

"மூணு காலுதான் இருக்கு," என்றார்.

நான் எண்ணினேன். மூன்றுதான். திரும்ப எண்ணினேன், வாலோடு சேர்த்தால்தான் நான்கு வந்தது. சித்தியைப் பார்த்தேன். அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாலாவது கால் எங்கம்மா?"

"அடியில இருக்கு சார்," என்றாள் சித்தி. குரல் கொஞ்சம் கீச்சிட்டது. "மடக்கி வெச்சிருக்கு. தூங்கறப்ப அதுங்க அப்படித்தான். ஒரு காலை உள்ள வெச்சுக்கும்."

"தூங்குதா? தலையைத் தூக்கியிருக்கே."

"அது வந்து... இப்பதான் முழிச்சுது சார்."

"கண்ணு மூடியிருக்கே."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் விசிலைப் பார்த்தேன். சாம்பல் சார் பையைத் திறந்து எங்கள் உத்தரவின் நகலை எடுத்தார். அன்று அலுவலகத்தில் நாங்கள் கொடுத்துவிட்டு வந்தது, நான் எடுத்த நகல்தான், எழுத்து தெளிவாக விழுந்திருந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒரே கேள்விம்மா. நல்லா யோசிச்சு சொல்லுங்க. இது நிஜமாவே ஒரு மிருகம்தானா? இல்ல, கறையைப் பண்ணிட்டு அப்புறமா தலை, கால் எல்லாம் ஒட்டி வெச்சிருக்கீங்களா?"

பேக்கரிக்குள் அந்த நேரத்தில் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ரொட்டி கருக ஆரம்பித்திருந்தது. உள்ளே புகை. சிக்கிய ஷட்டரைப் பேக்கரிக்காரர் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே தள்ளினார். அது ஒரு சாண் ஏறியது. கீழே இழுத்தார், ஒரு சாண் இறங்கியது. மறுபடி மேலே. மறுபடி கீழே.

வெளியே ஒட்டகச்சிவிங்கி கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எங்கிருந்தோ குழந்தைகள் ஓடிவந்தார்கள். பேக்கரி ஷட்டரின் அடியிலிருந்து கொஞ்சம் புகை கசிந்ததில், பெருமூச்சு விட்டது மாதிரிகூட இருந்தது.

சாம்பல் சார் அசையாமல் நின்றார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று என்னால் சொல்ல முடியாது. சிரித்தார் என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். மீசை ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கியது, அவ்வளவுதான் நிச்சயமாகத் தெரியும்.

"கறை தலையாட்டாது," என்றார்.

உத்தரவின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அடியில், 'ஓவியம். விலங்கு. கால்கள் மூன்று தெரிகின்றன, நான்காவது மடக்கப்பட்டுள்ளது. இப்படியே இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பும் முன் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். அது இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகுதான் சித்தி முதல் முறையாக அதைச் சரியாகப் பார்த்தாள். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு. ஐந்து ஷட்டரும் வெயிலில் மஞ்சளாக இருந்தன. கோடைக்காலம் முழுவதும் துண்டு துண்டாகச் செய்தது ஒரே உடம்பாக நீண்டு கிடந்தது. அவள் அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடினேன்.

"வரைய மறந்துட்டேன்டி," என்றாள். "ஒரு காலை அடுத்த லீவுக்குப் பண்ணிக்கலாம்னு விட்டேன். அப்படியே விட்டுட்டேன்."

உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பேக்கரிக்காரர் முகமெல்லாம் கரி. மாமா வந்து பார்த்தார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "என் கடைக் கழுத்துதான் நல்லா வந்திருக்கு" என்றார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். அன்று மாலையே குழந்தைகள் பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கி தூங்கப் போவதைப் பார்க்க வேண்டுமாம். வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று. இப்போது தினமும் வருகிறார்கள், அவர்களுடைய அப்பா அம்மாவும் வருகிறார்கள். பேக்கரிக்காரர் தலையை மெதுவாக இறக்க வேண்டும், வேகமாக இறக்கினால், "தலை இடிச்சிடுச்சு!" என்று சண்டைக்கு வருகிறார்கள். யாராவது ஒரு கடைக்காரர் தாமதித்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வருகிறது. மருந்துக்கடை அக்காவும் அந்த நேரத்துக்கு இறக்கிவிட்டு, சின்னக் கதவு வழியே வியாபாரத்தைத் தொடர்கிறார். "கடைய எப்ப திறப்பீங்கன்னு கேட்டாப் பெருமை," என்று மாமா புலம்புகிறார். "எப்ப மூடுவீங்கன்னு கேக்கறாங்க. என்ன பொழப்புடி இது?" ஆனால் கொக்கிக் கம்பியைத் துடைத்து வைத்திருக்கிறார்.

சித்திக்குத்தான் அந்தக் கால் உறுத்திக்கொண்டே இருந்தது. சலூனின் அடுத்த விடுமுறை நாளில் ஏணி, மஞ்சள் டப்பா, சின்னப் பிரஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சலூன்காரர் விடுமுறையும் அதுவுமாக ஷட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கும்மா ஏணி?"

"சின்ன வேலைண்ணா. ஒரு காலு பாக்கி."

அவர் எழுந்து இரண்டு கைகளையும் விரித்து ஷட்டரை மறைத்தார். "அதெல்லாம் வேணாம். பஸ் கண்டக்டரே இப்ப 'மூணு காலு இறங்கறவங்க'ன்னுதான் கூப்பிடறார். இத்தனை வருஷமா இந்தக் கடைக்கு ஒரு பேரு வைக்க யோசிச்சு யோசிச்சு என் முடியெல்லாம் கொட்டிப்போச்சு. இப்பதான் தானா ஒண்ணு வந்திருக்கு."

"அண்ணா, அது தப்புண்ணா. நான் மறந்துபோய் விட்டது. வரைஞ்சவ நான், எனக்கு அசிங்கமா இருக்கு."

"நீ வரைஞ்சிட்டுப் போயிடுவ. நான்தானேம்மா அதோட குடும்பம் நடத்தணும்?"

சித்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரஷை டப்பாவுக்குள் போட்டாள், மறுபடி எடுத்தாள்.

"வாலையாவது கொஞ்சம் சரி பண்ணிக்கட்டுமா?"

"வால்ல என்ன?"

"கொஞ்சம் தடிமனா இருக்கு. நாலாவது காலுன்னு எண்ணிடுவாங்க."

சலூன்காரர் திரும்பி, வாலைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாலை மட்டும்," என்றார். "நான் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்."